பதினேழாம் கேள்வியின் பதில்

1996 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். அன்று எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வரும் முறை. 5.30க்கு வந்து 7.05க்கு நின்றது. பன்னிரண்டு குடங்கள், இரண்டு வாளிகள், குளியலறைத் தொட்டி, கார் கொட்டகைக்கு வெளியே இருக்கும் நீல டிரம் என்று வீட்டில் தண்ணீர் கொள்ளும் எல்லாமே நிறைந்தன. 7.15க்கு நானும் என் மனைவி ரெஜினாவும் பூசைக்கு நடந்து போனோம். 8.40க்குத் திரும்பினோம். நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி. பதினோரு மணிக்குக் காரமடையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குக் காரில் புறப்படுவதாகத் திட்டம்.

இவ்வளவையும் எழுதக் காரணம் உண்டு. அன்று எங்கள் வீட்டில் தண்ணீர் இருந்தது என்பதை முதலிலேயே பதிவு செய்துவிட வேண்டும்.

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. சிங்காநல்லூரில் ஒரு நூற்பாலையின் வண்டிக் கொட்டகையில் மேற்பார்வையாளர். மூன்று லாரி, ஒரு வேன், ஒரு ஜீப். அவற்றைப் பழுது பார்க்கவும் ஓட்டவும் ஒன்பது ஆட்கள். என் அப்பா கோபிப் பக்கம் வயல் கூலிக்குப் போனவர். நான் ஐ.டி.ஐ. முடித்து உதவியாளாகச் சேர்ந்து, பத்து வருடத்தில் மேற்பார்வையாளர் ஆனேன். என்னை உயர்த்தியது கைத்திறமை அல்ல. என்னைவிட நல்ல கைகள் அந்தக் கொட்டகையில் இருந்தன. யார் என்ன கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கும். அதனால் உயர்ந்தேன்.

அந்தப் பதில்களை எல்லாம் தொகுத்து நாற்பது கேள்விகளாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கும் முன் கால் மணி நேரம் நான் கேட்பேன், ஆட்கள் பதில் சொல்வார்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் போகலாமா? சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கலாமா? பெட்ரோல் இருக்கும் இடத்தில் என்ன விளக்கு வைக்கலாம்? எல்லாம் அடிப்படைக் கேள்விகள். பதினேழாவது கேள்வி இது: "பேட்டரிக்கு ஆசிட் கலக்கும்போது எதில் எதை ஊற்ற வேண்டும்?" தாளில் இருந்த பதில்: "தண்ணீரில் ஆசிட்டை மெதுவாக ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது; சூடேறிக் கொதித்து முகத்தில் தெறிக்கும்." சரியான பதில்தான். ஆனால் முக்கியமான பதில்களைச் சுருக்கி ஒரு பலகையில் பெயின்டால் எழுதிக் கொட்டகைச் சுவரில் மாட்டியபோது, இடம் போதாமல் அதை மூன்று சொல்லாக்கினேன். சிவப்பு எழுத்தில்: "ஆசிட்டில் தண்ணீர் ஊற்றாதே."

என் காரின் கதைக்கு வருகிறேன். பழைய அம்பாசிடர், மூன்றாம் கை. பேட்டரி இறங்கியிருந்தது. காலை ஆறு மணிக்கு அதைக் கழற்றி வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு பலகைமேல் வைத்து, வீட்டுச் சார்ஜரில் போட்டிருந்தேன். பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஒரு வாயு வரும். நிறமும் மணமும் கிடையாது. சிறு தீப்பொறி பட்டாலும் வெடிக்கும். அதனால்தான் பத்தொன்பதாவது கேள்வி: "கிளிப்பைக் கழற்றும் முன் என்ன செய்ய வேண்டும்?" பதில்: "சார்ஜரின் சுவிட்சை அணைக்க வேண்டும்."

9.31க்குக் கரண்ட் போனது. கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். ஒன்பது நிமிடம் காத்திருந்தேன். கரண்ட் இல்லாதபோது சுவிட்சை எதற்கு அணைப்பது என்று நினைத்து, 9.40க்குக் குனிந்து கிளிப்பைப் பிடித்து இழுத்தேன். இழுத்த அதே நொடியில் கரண்ட் வந்தது.

சத்தம் பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டதாம். எனக்கு நினைவில் இருப்பது சத்தம் அல்ல. முகத்தின் இடப்பக்கம் யாரோ ஈரத்துணியால் ஓங்கி அறைந்தது போல இருந்தது. பேட்டரியின் மேல்மூடி சிதறிக் கொட்டகையின் ஓட்டில் பட்டு விழுந்தது. இடது கண்ணைத் திறக்க முயன்றேன், முடியவில்லை. பிறகுதான் எரிச்சல் தொடங்கியது. கண்ணுக்குள் மிளகாய் அரைப்பது போன்ற எரிச்சல்.

ரெஜினா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். வரும்போதே இடுப்பில் ஒரு பித்தளைக் குடம் இருந்தது. என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது; பேட்டரியைப் பற்றியும் தெரியாது. முகத்தில் எரிகிற ஏதோ பட்டிருக்கிறது என்று மட்டும் பார்த்தாள்.

"கண்ணைத் தொறங்க. தண்ணி ஊத்தறேன், தொறங்க."

"ஊத்தாதே!"

"எரியுதுங்கறீங்களே!"

"ஆசிட்டுல தண்ணி ஊத்தக்கூடாது! வெந்துபோயிரும்! துணி கொண்டா, காஞ்ச துணி!"

"ஏனுங்க, ஒரு சொம்பாச்சும் ஊத்தறேனுங்க..."

அவள் குடத்தைச் சாய்த்தாள். நான் வலது கையால் ஓங்கித் தட்டினேன். குடம் சிமென்ட் தரையில் விழுந்து உருண்டு கொட்டகை வாசலில் போய் நின்றது. தண்ணீர் முழுவதும் என் கால்களில் ஓடியது. அவள் தன் முந்தானையின் காய்ந்த பகுதியால் என் முகத்தை ஒற்றி எடுத்தாள். அந்தச் சேலையில் பிறகு சல்லடை போல ஓட்டைகள் விழுந்தன.

தெருமுனையிலிருந்த ஆட்டோவில் ஏறி நகரத்துக்குள் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 10.35. ஐம்பத்தைந்து நிமிடம். அவ்வளவு நேரமும் என் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. படாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

அவசரப் பிரிவில் டாக்டரம்மா மூன்று கேள்விதான் கேட்டார். வயது முப்பத்தைந்து இருக்கும். கேள்வி கேட்கும்போதே கை வேலை செய்துகொண்டிருந்தது.

"என்ன பட்டுச்சு?"

"பேட்டரி ஆசிட்" என்றேன்.

"எத்தனை மணிக்கு?"

"ஒன்பது நாற்பது."

"தண்ணி ஊத்துனீங்களா? எவ்வளவு நேரம்?"

நான் வாயைத் திறக்கும் முன் ரெஜினா சொன்னாள்: "இல்லீங்க டாக்டர். எனக்குத் தோணலீங்க."

டாக்டரின் கை ஒரு கணம் நின்றது. "வீட்டுல தண்ணியே இல்லையா அம்மா? மொதல்ல தண்ணிதானே ஊத்தணும்? ஒரு மணி நேரமா ஆசிட்டோட வெச்சிருந்திருக்கீங்களே!"

"தப்புத்தானுங்க" என்றாள் ரெஜினா.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை என்று அன்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு நர்ஸ் கண்ணோரத்தில் நிறம் மாறும் சிறு காகிதத் துண்டை வைத்து எடுத்தார், அது சிவந்தது. இன்னும் ஆசிட் இருக்கிறது என்று அர்த்தம். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டார்கள். இமையைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு, கையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் போன்ற ஒன்றால் உப்புநீரைக் கண்ணில் விட்டார்கள். ஒரு பாட்டில் முழுக்க, பிறகு இன்னொன்று. என் காதிலும் கழுத்திலும் நீர் ஓடித் தலையணை நனைந்தது. எரிச்சல் குறையத் தொடங்கியது முதல் பாட்டில் பாதியான போது. கொதிக்கவில்லை. வேகவில்லை. பதினாறு வருடமாக நான் சுவரில் மாட்டி வைத்திருந்த பதில் என் கண்ணுக்குள்ளேயே பொய்யாகிக்கொண்டிருந்தது. காகிதம் நிறம் மாறுவது நிற்கும் வரைக்கும் கழுவினார்கள்.

பிறகு டாக்டர் சொன்னதை என் சொற்களில் எழுதுகிறேன். கண்ணின் முன்புறம் கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல ஒரு தெளிந்த படலம் இருக்கிறது. அதன் வழியாகத்தான் ஒளி உள்ளே போகிறது. அதன் மேல்தோல் வெந்து உரிந்துவிட்டது. அந்தத் தோல் தானாக வளர்ந்து மூடினால் பார்வை திரும்பும். மூடாவிட்டால் புண்ணாகி வெள்ளையாகும். கடிகாரக் கண்ணாடி இருக்கும், முள் தெரியாது.

"எப்பத் தெரியும் டாக்டர்?"

"ஒரு வாரம் பார்க்கணும். இப்போ எதுவும் சொல்ல முடியாது. சும்மா ஆறுதலுக்குச் சொல்ல எனக்குப் பழக்கமில்லை."

அந்தக் கண்ணில் அப்போது முகத்துக்கு நேரே ஆட்டிய கையின் அசைவு மட்டும்தான் தெரிந்தது. எத்தனை விரல் என்று தெரியவில்லை.

மாடியில் இரண்டு கட்டில் போட்ட அறையில் இடம் கொடுத்தார்கள். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து, நான்கு வகை. காலையும் மாலையும் களிம்பு தடவிய கண்ணாடிக் குச்சியை இமைக்கும் விழிக்கும் நடுவே விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். வெந்த இடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. வலியைவிட அந்தக் குச்சியைத் தூரத்தில் பார்ப்பதுதான் எனக்குப் பயம்.

தினமும் 9.30க்குக் கீழே பரிசோதனை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். பெஞ்சில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு கண்ணை மூடியவர்கள். யார் பெயரைக் கூப்பிட்டாலும் அத்தனை தலைகளும் கோழியைப் போலப் பக்கவாட்டில் திரும்பும். உள்ளே கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு நீல விளக்கைக் காட்டுவார்கள். தோல் இல்லாத இடம் பச்சையாக ஒளிரும். டாக்டர் என் தாளில் ஒரு வட்டம் வரைந்து, பச்சை தெரிந்த பகுதியை மட்டும் பென்சிலால் நிரப்புவார். திங்கட்கிழமை வட்டத்தில் முக்கால் பங்கு கறுப்பு. செவ்வாயும் முக்கால். புதன்கிழமையும் முக்கால். என் வலது கண்ணால் அந்த மூன்று வட்டங்களையும் பார்த்தேன். மூன்றும் ஒரே அச்சில் அடித்தவை போல இருந்தன. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

படிக்கவும் எழுதவும் கூடாது என்று உத்தரவு. 1971 முதல் ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். அதனால் மாலை 6.15க்கு நான் சொல்லச் சொல்ல ரெஜினா எழுதினாள். எட்டாவது வரை படித்தவள். உருண்டை உருண்டையான எழுத்து. முதல் நாள் நான் சொன்னது: "9.40, பேட்டரி வெடித்தது. 10.35, ஆஸ்பத்திரி." அவள் எழுதினாள். பேனா நடுவில் ஒரு முறை நின்றது, பிறகு ஓடியது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கதவுக்கு அருகில் என் இடப்பக்கமே நின்று பேசினார்கள். நான் முழுத் தலையையும் திருப்ப வேண்டும். ரெஜினா மட்டும் முதல் நாளே தன் நாற்காலியைத் தூக்கிச் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே வலப்பக்கம் போட்டுக்கொண்டாள். அவள் எழுந்து வெளியே போக வேண்டுமென்றால் கட்டிலைச் சுற்றி நெருக்கிக்கொண்டு வர வேண்டும். இருந்தும் மாற்றவில்லை. திருச்சியில் விடுதியில் இருந்த மகளுக்கு "கண்ணில் தூசு" என்று மட்டும் எழுதிப் போட்டோம்.

பக்கத்துக் கட்டிலில் கோபிசெட்டிபாளையத்துக்காரர் ஒருவர், பெயர் சென்னியப்பன். அறுபது வயது. கரும்பின் காய்ந்த இலையான சோகை கண்ணைக் கீறிவிட, மூன்று நாள் பச்சிலைச் சாறு ஊற்றியதில் புண் வைத்துவிட்டது. அந்தக் கண் திரும்பாது என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் என்னைவிட உற்சாகமாக இருந்தார். அவருக்கு ஒரு பழைய வேன் இருந்தது. நான் வண்டிக் கொட்டகை மேற்பார்வையாளர் என்று தெரிந்ததும் என்னை விடவில்லை.

"ஏனுங்க சார், வண்டியை ஜாக்கியில தூக்கிப்போட்டு அடியில படுத்தா என்னாகுமுங்க?"

"ஜாக்கி தூக்கறதுக்கு மட்டும்தானுங்க. தாங்கறதுக்கு இல்லை. கனமான மரக்கட்டையை அடுக்கி வெச்சு, வண்டி அதுமேல உக்காந்த பொறவுதான் அடியில போகோணும்."

"நாங்க செங்கல்லு வெப்போமுங்க."

"செங்கல் சொல்லாமக்கொள்ளாம ஒடஞ்சுபோயிருமுங்க."

"அட! இருவது வருசமா செங்கல்லுலதான் படுத்துட்டிருக்கறேன். செங்கல்லு உட்டுப்போட்டுது, கரும்புச் சோகை புடிச்சுட்டுது பாருங்க." சிரித்தார். "செரி, ரேடியேட்டர் மூடி?"

"அரை மணி நேரம் ஆறட்டும். மேல கையை வெச்சாச் சுடக்கூடாது. அப்பறம் தடிச்ச துணியைப் போட்டு மெதுவாத் திருகோணும்."

"டியூப்புல வாய் வெச்சுப் பெட்ரோலு உறிஞ்சலாமுங்களா?"

"கூடவே கூடாதுங்க. நெஞ்சுக்குள்ள போச்சுன்னா நுரையீரல் வெந்துரும்."

கேள்வி ஏழு, கேள்வி நான்கு, கேள்வி இருபத்திரண்டு. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பழைய பலம் வந்தது. பதினேழு மட்டும் வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை வட்டத்தின் ஓரத்தில் ஒரு நகத்துண்டு அளவுக்கு வெள்ளை தெரிந்தது. "நகருது" என்றார் டாக்டர். ஒரே சொல். வெள்ளிக்கிழமை பாதி வட்டம். அன்று மாலை சென்னியப்பன் ரெஜினாவை வம்புக்கு இழுத்தார்.

"ஏனுங்க அம்மணி, எங்கூட்டுல பாசத்துல பச்சிலையை ஊத்திப்போட்டாங்க. நீங்க தண்ணிகூட ஊத்தலையாமா? நர்சம்மா சொல்லுச்சு. சார் மேல அப்படியென்ன கோவமுங்க?"

ரெஜினா சிரித்தாள். "இருபத்திரண்டு வருசக் கோவமுங்க. ஒரே நாள்ல தீத்துக்கிட்டேன்."

நானும் சிரித்தேன். சிரித்தேன் என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு பழனிசாமி வந்தான். எங்கள் கொட்டகையின் மூத்த மெக்கானிக், முப்பத்தெட்டு வயது. நாற்பது கேள்விகளையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். ஆரஞ்சுப் பழங்களோடு இடப்பக்கம் நின்றான். நலம் விசாரித்தான். திங்கட்கிழமை பேட்டரி நாள், ஐந்து வண்டிக்கும் ஆசிட் அளவு பார்க்க வேண்டும், நீங்கள் இல்லாமல் நானே கேள்வி நேரத்தையும் நடத்திவிடுகிறேன் என்றான். அப்போது சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்தார்.

"நல்லதாப் போச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங்க. என்ற வேன்லயும் பேட்டரி இருக்குது. சாருக்கு ஆனமாதிரி ஆசிட்டு மூஞ்சியில பட்டா என்ன பண்ணோணுமுங்க?"

நான் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டேன். எனக்கு வலி என்று நினைத்துக்கொண்டு பழனிசாமி பதில் சொன்னான். மாணவன் வாத்தியார் எதிரில் சொல்வது போல, கொஞ்சம் பெருமையோடு.

"தண்ணி மட்டும் படக்கூடாதுங்க. காஞ்ச துணியில தொடச்சுப்போட்டு ஆசுபத்திரிக்குப் போயிரோணும். எங்க சார் போர்டே எழுதி மாட்டி வெச்சிருக்காருங்க."

சென்னியப்பன் தன் ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தார், பிறகு என்னை.

"அப்பறம் ஏனுங்க டாக்டரம்மா வந்தன்னைக்கே ரெண்டு பாட்டலு தண்ணி ஊத்துனாங்க?"

ரெஜினா பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். மூடி எப்போதோ இறுகிவிட்டது. அவள் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அது தப்புடா பழனிசாமி" என்றேன். "தண்ணிதான் ஊத்தோணும்."

"இல்லீங்க சார்..." அவன் என்னைத் திருத்துவது போலப் பணிவாகச் சொன்னான். "பதினேழாங் கேள்விங்க. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. போன வருசம் டிரைவர் ராசு முழங்கையில ஆசிட்டு கொட்டிப்போச்சுங்க. பைப்படிக்கு ஓடுனவனை நாந்தான் புடிச்சு நிறுத்துனேன். வேஸ்ட் துணியில தொடச்சு, அப்படியே ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்."

ராசுவின் முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு உண்டு. சைலன்சர் சுட்டது என்று நினைத்திருந்தேன். அந்தக் கையைப் பிடித்துச் சம்பளப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டியிருக்கிறேன். ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

பேட்டரி வெடித்தபோது வந்த அதிர்ச்சி உடம்போடு நின்றது. இது நிற்கவில்லை. ஒன்பது பேர். பதினாறு வருடம். வேலையை விட்டுப் போனவர்கள், வேறு ஒர்க்‌ஷாப் வைத்தவர்கள், அவர்களிடம் தொழில் கற்றவர்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு பெண் குடத்தோடு ஓடி வருவாள். அவள் கையை ஒருவன் தட்டிவிடுவான்.

"திங்கக்கிழமை எல்லார்கிட்டயும் மாத்திச் சொல்லிப்போடு" என்றேன்.

"செரிங்க" என்றான். ஆனால் அவன் பார்வை வேறு சொன்னது. சாருக்கு வலி, மருந்து மயக்கம், ஏதோ பேசுகிறார். "போர்டுல அப்படி இருக்குதுங்களே சார்" என்று தயங்கினான். என் வாய்ச்சொல்லைவிட என் சிவப்பு எழுத்து பெரிது. அதை அப்படி ஆக்கியவனும் நான்தான்.

"திங்கக்கிழமை காத்தால ஏழு மணிக்கு ஊட்டுக்கு வா. வேற எழுதித் தாரேன். அதுவரைக்கும் யாரும் பேட்டரியைத் தொட வேண்டாம்."

"டாக்டரு உடுவாங்களா?"

"வா."

அவன் போன பிறகு 6.15 ஆனது. ரெஜினா நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

"எழுது" என்றேன். "ரெஜினா தண்ணீர் கொண்டு வந்தாள். நான் குடத்தைத் தட்டிவிட்டேன்."

"எந்தத் தேதிங்க?"

"பதினொண்ணு. அந்தப் பக்கத்துல இடமிருக்குமா?"

அவள் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். "இருக்குதுங்க. ஒன்பது நாப்பதுக்கும் பத்து முப்பத்தஞ்சுக்கும் நடுவுல ஒரு வரி உட்டுத்தான் எழுதுனேன்."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஆறு நாளாக அந்த வரி காலியாக இருந்திருக்கிறது. நான் சொல்லும் அளவுக்குச் சரியாக ஒரு வரி.

மறுநாள் ஞாயிறு காலை டாக்டர் நீல விளக்கை அணைத்துவிட்டு வட்டம் வரைந்தார். கீழ்ப்புறம் ஒரு துவரம்பருப்பு அளவுதான் பென்சில். சுவரில் இருந்த எழுத்து அட்டையில் நான்காவது வரி வரைக்கும் படித்தேன். மற்றவை புகையாக இருந்தன. கண்ணின் கீழ்ப்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு நிரந்தரமாக இருக்கும், படி இறங்கும்போது பார்த்து இறங்குங்கள், மற்றபடி கண் பிழைத்துவிட்டது என்றார். அதற்கு நன்றி சொல்வதற்குப் பதில் வேறொன்றைச் சொன்னேன்.

"டாக்டர், அன்னைக்கு இவங்க தண்ணி கொண்டுவந்தாங்க. ரெண்டு தடவை ஊத்த வந்தாங்க. நான்தான் தட்டிவிட்டேன். ஆசிட்டுல தண்ணி ஊத்தக்கூடாதுன்னு."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "அது கலக்கறதுக்கான விதி சார். நிறைய ஆசிட்டுல கொஞ்சம் தண்ணி விட்டா அந்தத் தண்ணி கொதிக்கும். கண்ணுல பட்டது சில சொட்டு. ஒரு குடத்தை ஊத்துனா சூடு வர நேரமேது? அடிச்சிட்டுப் போயிரும். உடனே ஊத்தியிருந்தா இந்தத் திட்டுகூட வந்திருக்காது." பிறகு ரெஜினாவைப் பார்த்தார். "நான் உங்களை அவ்வளவு பேசினேனே அம்மா. ஏன் சொல்லலை?"

"அவருக்கு எரிஞ்சுட்டிருந்துதுங்க" என்றாள். "அப்பப் போயி எப்படிங்க சொல்றது?"

மதியம் வீடு வந்து சேர்ந்தோம். சமையலறையில் குடங்கள் வரிசையாக இருந்தன. எட்டாவது குடத்தின் இடுப்பில் கட்டை விரல் அமுங்கும் அளவுக்கு ஒரு ஒடுக்கு. அதிலும் பக்கத்து வீட்டார் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். அன்றே எழுதிவிடலாம் என்றேன். "இப்ப உக்காந்தா எந்திரிக்க மாட்டீங்க. காலைல" என்று கண்ணில் மருந்தை விட்டாள்.

பிப்ரவரி 19, திங்கட்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். காபிக்கு முன்பே ரெஜினா சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளை அட்டையை விரித்தாள். மகளின் பழைய சிவப்பு ஸ்கெட்ச் பேனா. நான் சொன்னேன், அவள் பெரிய எழுத்தில் எழுதினாள்: "கேள்வி 17. ஆசிட் கண்ணிலோ தோலிலோ பட்டால் என்ன செய்ய வேண்டும்? பதில்: அந்த நொடியே நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும். இருபது நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். அதன் பிறகே ஆஸ்பத்திரி. பழைய பலகையில் இருப்பது ஆசிட் கலக்குவதற்கு மட்டும்."

"அவ்வளவுதான்" என்றேன்.

"இருங்க" என்றாள். இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஏழு மணிக்கு பழனிசாமி சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். படிக்கக் கூடாது என்ற உத்தரவு எனக்கு இன்னும் இருந்தது. அவனை உரக்கப் படிக்கச் சொன்னேன். நான் சொன்ன வரிகளைப் படித்தான். கடைசியில் நான் சொல்லாத ஒரு வரியையும் படித்தான்:

"யார் தடுத்தாலும் ஊற்றுங்கள்."

அவன் நிமிர்ந்தான். "தண்ணி ஊத்தறதை யாருங்கக்கா தடுக்கப்போறாங்க?"

"படிச்சவங்க யாராச்சும் இருப்பாங்க கண்ணு" என்றாள் ரெஜினா.

அந்த வரிக்குக் கீழே ஒரு கோடு போடச் சொன்னேன். ஸ்கேல் வைத்துப் போட்டாள். 7.10க்கு பழனிசாமி அட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு மில்லுக்குப் புறப்பட்டான்.